இருபடிச் சார்பின் பூச்சியங்கள்: காரணிப்படுத்தியும் வரைந்தும் காணும் முறை

y = ax² + bx + c என்ற இருபடிச் சார்பில் y-ஐப் பூச்சியமாக்கும் x மதிப்புகள்தாம் அதன் பூச்சியங்கள். ax² + bx + c = 0 என்று சமன்பாடாக எழுதும்போது அவற்றையே மூலங்கள் என்கிறோம். வரைந்து பார்த்தால், பரவளையம் (இந்தச் சார்பு தரும் U வடிவ வளைவு) X அச்சைச் சந்திக்கும் இடங்கள் அவை. பாடத்தில் காரணிப்படுத்தல் ஓரிடத்திலும் வரைபடம் வேறோரிடத்திலும் வருவதால், தொடர்பில்லாத இரண்டு கணக்குகளாகவே பலரும் அவற்றைப் படித்துவிடுகிறார்கள். உண்மையில் இரண்டையும் கட்டிவைப்பது ஓர் எண்: −b/2a. பரவளையத்தை இரு சம பாதிகளாகப் பிரிக்கும் செங்குத்துக் கோடான சமச்சீர் அச்சு நிற்கும் இடம் அது. பூச்சியங்கள் இரண்டும் அதிலிருந்து இடமும் வலமுமாகச் சம தூரத்தில் இருக்கும். காரணி தேடினாலும் அட்டவணை போட்டாலும் முதலில் இந்த எண்ணைக் கண்டு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை பாதியாகக் குறையும்.

காரணிப்படுத்தும் முன்

எல்லா உறுப்புகளையும் ஒரு பக்கம் கொண்டுவந்து, மறுபக்கம் பூச்சியம் மட்டும் இருக்கும்படி எழுத வேண்டும். (x − 2)(x + 3) = 6 என்று கொடுத்தால், "காரணிதான் ஏற்கெனவே இருக்கிறதே" என்று x − 2 = 6, x + 3 = 6 என எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டு எண்களின் பெருக்கல் பூச்சியம் என்றால் அவற்றுள் ஒன்றாவது பூச்சியமாக இருந்தே தீர வேண்டும். பெருக்கல் 6 என்றால் அப்படி எதுவும் சொல்ல முடியாது: 2 × 3 ஆகலாம், 12 × ½ ஆகலாம், −1 × −6 கூட ஆகலாம். எனவே விரித்து, x² + x − 6 = 6 என்றாக்கி, 6-ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் x² + x − 12 = 0. இதன் காரணிகள் (x + 4)(x − 3). மூலங்கள் −4, 3.

x² = 9x போன்றவற்றில் இருபுறமும் x-ஆல் வகுத்து x = 9 என்று முடிப்பது இன்னொரு பிழை. x பூச்சியமாக இருக்க வாய்ப்புள்ளபோது அதனால் வகுக்கக் கூடாது. வகுத்தால் x = 0 என்ற மூலம் சொல்லாமல் தொலைந்துபோகும். x² − 9x = 0, அதாவது x(x − 9) = 0; மூலங்கள் 0, 9. நடு உறுப்பு இல்லாத 4x² − 49 போன்றவை இரு வர்க்கங்களின் வித்தியாசம்: (2x − 7)(2x + 7), ஆகவே ±7/2. இங்கே + மூலத்தை மட்டும் எழுதிவிட்டு − மூலத்தை மறப்பவர்கள் அதிகம்.

பொதுக் காரணி இருந்தால் வெளியே எடுங்கள். −3x² + 6x + 24 = −3(x² − 2x − 8). பூச்சியம் காண்பதற்கு அந்த −3 தேவையில்லை, விட்டுவிடலாம். ஆனால் y = −3x² + 6x + 24 என்பதை வரையச் சொன்னால் அந்த −3-ஐ விடக் கூடாது. x² − 2x − 8, −3x² + 6x + 24 இரண்டுக்கும் பூச்சியங்கள் −2, 4 என்று ஒன்றாகவே இருந்தாலும், முதலாவது மேல்நோக்கித் திறந்து (1, −9)-இல் முனை (வளைவு திரும்பும் புள்ளி) கொண்டது. இரண்டாவது கீழ்நோக்கித் திறந்து (1, 27)-இல் முனை கொண்டது. சமன்பாட்டைச் சுருக்கலாம், சார்பைச் சுருக்கக் கூடாது.

நடு உறுப்பைப் பிரித்தல்

6x² + 7x − 20-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் கெழுவையும் (x²-க்கு முன்னுள்ள எண், a) மாறிலியையும் (x இல்லாத எண், c) பெருக்கினால் 6 × (−20) = −120. பெருக்கினால் −120, கூட்டினால் 7 வரும் இரண்டு எண்கள் வேண்டும்.

எண்களைத் தேடும் முன் குறியைத் தீர்மானியுங்கள். ac மிகை என்றால் இரண்டு எண்களுக்கும் ஒரே குறி, அது b-இன் குறி. ac குறை என்றால் இரண்டுக்கும் வெவ்வேறு குறி, பெரிய எண்ணுக்கு b-இன் குறி. இங்கே ac குறை, b மிகை. ஆகவே பெரியது மிகை, சிறியது குறை. அவற்றின் வித்தியாசம் 7. இனிக் குறியைப் பற்றிக் கவலையில்லாமல், 120-இன் காரணிச் சோடிகளில் வித்தியாசம் 7 வருவதைத் தேடினால் போதும்.

எங்கிருந்து தேடுவது? வழக்கம்போல 1 × 120, 2 × 60, 3 × 40 என்று தொடங்கினால் ஏழாவது சோடியில்தான் விடை வரும். வித்தியாசம் சிறியதென்றால் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். 120-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 11. அதை ஒட்டிய சோடி 10 × 12, வித்தியாசம் 2. அடுத்தது 8 × 15, வித்தியாசம் 7. முடிந்தது. b பெரிய எண்ணாக இருந்தால் மட்டும் 1-இலிருந்து தொடங்குங்கள்.

6x² + 15x − 8x − 20
= 3x(2x + 5) − 4(2x + 5)
= (2x + 5)(3x − 4)

இரண்டாம் வரியில்தான் பிழை புகும். −8x − 20-இலிருந்து −4-ஐ வெளியே எடுத்தால் உள்ளே +5. அதை −5 என்று எழுதிவிட்டால் இரண்டு அடைப்புகளும் ஒத்துவராது. ஒத்துவராவிட்டால் எண்கள் தவறு என்று நினைத்துப் புதிய சோடி தேடப் போகாதீர்கள். முதலில் குறியைப் பாருங்கள், பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும். 15x-ஐயும் −8x-ஐயும் இடம் மாற்றி எழுதினாலும் விடை மாறாது.

ஒவ்வொரு காரணியையும் பூச்சியத்துக்குச் சமமாக்கினால் 2x + 5 = 0 தருவது x = −5/2; 3x − 4 = 0 தருவது x = 4/3. பிரித்த எண்களான 15, −8 இரண்டும் பூச்சியங்கள் அல்ல. குறுக்குக் கோடு போட்டு மேலே −120, கீழே 7, பக்கங்களில் 15, −8 என்று எழுதும் முறையில் இந்தக் குழப்பம் அதிகம். அந்தப் பக்க எண்களை a-ஆல் வகுத்து, குறியை மாற்றினால்தான் பூச்சியங்கள் கிடைக்கும்: −15/6 = −5/2, 8/6 = 4/3. a = 1 என்றிருக்கும் கணக்குகளையே போட்டுப் பழகியவர்கள் வகுப்பதை மறப்பார்கள்.

சரிபார்க்க, கூடுதல் −b/a, பெருக்கல் c/a ஆகிறதா என்று பாருங்கள். −5/2 + 4/3 = −7/6, சரி. (−5/2)(4/3) = −20/6, சரி. விரித்துப் பார்ப்பதைவிட இது விரைவு.

சோடி சிக்காதபோது

x² − 8x − 513 போன்றதில் 513-இன் சோடிகளைத் தேடிக்கொண்டிருப்பதைவிடச் சமச்சீர் அச்சைப் பயன்படுத்துவது நல்லது. பூச்சியங்களின் கூடுதல் 8, ஆகவே அவற்றின் நடுப்புள்ளி 4. ஒன்று 4 + u, மற்றது 4 − u. பெருக்கினால் 16 − u² = −513, ஆகவே u² = 529, u = 23. பூச்சியங்கள் 27, −19. காரணிகள் (x − 27)(x + 19). தேடல் என்று எதுவுமே இல்லை, ஒரு வர்க்கமூலம் மட்டும்தான்.

a வேறு எண்ணாக இருந்தாலும் பிரிக்கவேண்டிய சோடியை இப்படியே காணலாம். மேலே பார்த்த கணக்கில் கூடுதல் 7, பாதி 3.5. அதன் வர்க்கம் 12.25, அதோடு 120-ஐக் கூட்டினால் 132.25, வர்க்கமூலம் 11.5. ஆகவே 3.5 + 11.5 = 15, 3.5 − 11.5 = −8.

முழு எண்களால் பிரியுமா பிரியாதா என்பதை முன்கூட்டியே அறியத் தன்மைக்காட்டி உதவும். Δ = b² − 4ac முழு வர்க்கமாக இருந்தால் பிரியும், இல்லாவிட்டால் பிரியாது. 6x² + 7x − 20-க்கு 49 + 480 = 529, 23-இன் வர்க்கம். x² − 4x + 1-க்கு 16 − 4 = 12; இது முழு வர்க்கமில்லை, எனவே சோடி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். (a, b, c முழு எண்களாக இருக்கும்போது மட்டுமே இந்தச் சோதனை செல்லும்.)

அட்டவணை

y = x² − 2x − 8-ஐ வரைவோம். −4 முதல் 4 வரை என்று கண்ணை மூடிக்கொண்டு அட்டவணை போடுவது ஒரு கெட்ட பழக்கம். இந்தச் சார்புக்கு அப்படிப் போட்டால் இடப்பக்கம் y = 16 வரை ஏறிவிடும்; வலப்பக்கமோ வளைவு X அச்சைத் தொட்டதோடு நின்றுவிடும், வெட்டி மேலே போவது தெரியாது. −b/2a = 2/2 = 1. எனவே 1-ஐ நடுவில் வைத்து இருபுறமும் நான்கு நான்கு எண்கள், அதாவது −3 முதல் 5 வரை எடுங்கள்.

x: −3, −2, −1, 0, 1, 2, 3, 4, 5
x²: 9, 4, 1, 0, 1, 4, 9, 16, 25
−2x: 6, 4, 2, 0, −2, −4, −6, −8, −10
−8: எல்லாக் கட்டத்திலும் −8
y: 7, 0, −5, −8, −9, −8, −5, 0, 7

ஒவ்வோர் உறுப்புக்கும் தனி வரிசை போடுவது அவசியம். மனக்கணக்காக y-ஐ நேரே எழுதினால் குறை எண்களில் சறுக்கும். x = −3 என்றால் x² = 9, −2x = +6; இந்த இரண்டு இடங்களில்தான் பாதிப் பிழைகள் நிகழும். கால்குலேட்டரில் அடைப்புக்குறி இல்லாமல் −3² என்று தட்டினால் பலவற்றில் −9 வரும். அது கருவியின் கோளாறில்லை, அது முதலில் 3-ஐ வர்க்கப்படுத்திப் பிறகு குறியைப் போடுகிறது.

புள்ளி குறிக்கும் முன் அட்டவணையை இரண்டு வழிகளில் சோதிக்கலாம். முதலாவது, நடுவிலிருந்து இருபுறமும் y மதிப்புகள் ஒன்றுபோல வர வேண்டும். இரண்டாவது, அடுத்தடுத்த y-களின் வித்தியாசம்: −7, −5, −3, −1, 1, 3, 5, 7. இந்த வித்தியாசங்களின் வித்தியாசம் எப்போதும் 2. x ஒவ்வொன்றாகக் கூடும்போது இது 2a-க்குச் சமமாக இருந்தே ஆக வேண்டும். ஓரிடத்தில் 3-ஓ 5-ஓ வந்தால் அந்தக் கட்டத்தைத் திரும்பப் போடுங்கள். வளைவு ஏன் கோணலாக வருகிறது என்று வரைபடத்தாளில் அழித்து அழித்து வரைவதற்கு இது எவ்வளவோ மேல்.

வரைதல்

அளவுத்திட்டத்தை y மதிப்புகளைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். இங்கே y −9 முதல் 7 வரை, மொத்தம் 16 அலகு. இரு அச்சிலும் 1 செ.மீ. = 1 அலகு என்றே வைத்துக்கொள்ளலாம். y 20, 30 என்று போகுமானால் Y அச்சில் 1 செ.மீ. = 2 அலகுகளோ 5 அலகுகளோ எடுங்கள். 3 அலகு வேண்டாம். 10 சிறு கட்டங்களை மூன்றாகப் பகுக்க முடியாது, புள்ளி குறிக்கும்போது திண்டாட வேண்டிவரும். X அச்சில் 1 செ.மீ. = 1 அலகு என்பதை முடிந்தவரை மாற்றாதீர்கள், விடையைப் படிப்பது அந்த அச்சில்தான். ஆதிப்புள்ளியைத் தாளின் நடுவில்தான் வைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. y பெரும்பாலும் மிகையாக இருந்தால் X அச்சைக் கீழே இறக்கி வரையுங்கள்.

புள்ளிகளைக் கூரான பென்சிலால் குறித்து, ஒவ்வொன்றின் அருகிலும் ஆயத்தொலைவை எழுதி, அளவுகோல் இல்லாமல் கையால் இணைக்க வேண்டும். வளைவின் உட்புறத்தில் மணிக்கட்டு இருக்கும்படி தாளைத் திருப்பிக்கொண்டால் கோடு இயல்பாக வளையும். முனையில் கூர்மையாக வரக் கூடாது, அங்கே வளைவு கிடையாகத் திரும்புகிறது. கடைசிப் புள்ளியோடு நிறுத்தாமல் சற்று நீட்டி அம்புக்குறி இடுங்கள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடக் கணக்கு 8 மதிப்பெண். அளவுத்திட்டத்தை எழுதாமலோ அச்சுகளுக்குப் பெயரிடாமலோ விட்டு அதில் இழப்பது வீண்.

இந்த வளைவு X அச்சை (−2, 0), (4, 0) என்ற புள்ளிகளில் வெட்டுகிறது. தீர்வு −2, 4. புள்ளியையே தீர்வாக எழுதிவிடாமல் x மதிப்பை மட்டும் எடுத்து எழுதுங்கள். காரணி முறையில் (x + 2)(x − 4), அதே எண்கள்.

முழு எண் அட்டவணை ஏமாற்றும் இடங்கள்

y = x² − 5x + 6-க்கு x = 0 முதல் 5 வரை y: 6, 2, 0, 0, 2, 6. இரண்டு பூச்சியங்களும் அட்டவணையிலேயே வந்துவிட்டன என்ற நிம்மதியில், (2, 0)-ஐயும் (3, 0)-ஐயும் X அச்சின் மேலேயே கோடாக இணைத்துவிடுவார்கள். அப்படியானால் 2-க்கும் 3-க்கும் இடைப்பட்ட எல்லா எண்களும் பூச்சியங்கள் என்றாகிவிடும். உண்மையில் முனை (2.5, −0.25). 1 செ.மீ. = 1 அலகு என்ற அளவில் அது அச்சுக்குக் கீழே இரண்டரைச் சிறு கட்டம். −b/2a பின்னமாக வந்தால் அந்த x-ஐயும் அட்டவணையில் ஒரு கட்டமாகச் சேர்த்துவிடுங்கள்.

இதைவிட மோசமானது y = 4x² − 12x + 9. x = 0, 1, 2, 3 என்றால் y = 9, 1, 1, 9. எங்கும் பூச்சியமே இல்லை. 1-க்கும் 2-க்கும் இடையே தட்டையாக இணைத்துவிட்டு "மெய் மூலங்கள் இல்லை" என்று எழுதினால் முழுக் கணக்கும் போயிற்று. −b/2a = 12/8 = 1.5; அங்கே y = 9 − 18 + 9 = 0. பரவளையம் அச்சை (1.5, 0)-இல் தொட்டுத் திரும்புகிறது. காரணி முறையில் (2x − 3)². மெய்யான, சமமான மூலங்கள்: 3/2, 3/2.

உண்மையிலேயே அச்சைத் தொடாதது y = x² + 2x + 5. −4 முதல் 2 வரை y: 13, 8, 5, 4, 5, 8, 13. முனை (−1, 4), அதற்குக் கீழே வளைவு இறங்காது. Δ = 4 − 20 = −16. மெய் மூலங்கள் இல்லை. எந்தக் கணக்கிலும் Δ-இன் குறியை முதலிலேயே பார்த்துவிட்டால், வரையப்போவது அச்சை வெட்டுமா, தொடுமா, விலகி நிற்குமா என்பது பென்சிலை எடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

பூச்சியம் முழு எண்ணில் விழாவிட்டால்

x² − 4x + 1 காரணிப்படாது என்று மேலே கண்டோம். −1 முதல் 5 வரை y: 6, 1, −2, −3, −2, 1, 6. x = 0-இல் மிகை, x = 1-இல் குறை; இடையில் எங்கோ அச்சைக் கடந்தே தீர வேண்டும். வளைவைப் பார்த்து 0.3 அல்லது 0.25 என்று படிக்கலாம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் அந்த இடைவெளியை மட்டும் பிரித்துக் கணக்கிடுங்கள்: x = 0.2 எனில் y = 0.24; x = 0.3 எனில் y = −0.11. ஆகவே 0.2-க்கும் 0.3-க்கும் நடுவே, 0.3-க்கு அருகில். 0.1 × 0.24/0.35 ஏறத்தாழ 0.07, எனவே 0.27. சமச்சீர் அச்சு x = 2 என்பதால் மற்றொரு பூச்சியத்தைத் தனியாகத் தேட வேண்டாம்: 4 − 0.27 = 3.73. சரியான மதிப்பு 2 ± √3. கையால் வரைந்த வளைவிலிருந்து ஒரு தசம இடம் வரை நம்பலாம், அதற்கு மேல் கணக்குத்தான். கைப்பேசியில் ஜியோஜீப்ரா என்ற வரைபடச் செயலி இருந்தால் சார்பை உள்ளிட்டு, வெட்டும் புள்ளியைத் தொட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் அதுவும் 3.73 என்றுதான் காட்டும், √3 என்று எழுதுவது நம் வேலை.

ஒரு வளைவை வைத்து வேறு சமன்பாட்டைத் தீர்த்தல்

y = x² − x − 6-ஐ வரைந்து, அதைக்கொண்டு x² − 3x − 4 = 0-ஐத் தீர்க்கச் சொல்வார்கள். மேலே சார்பையும் கீழே சமன்பாட்டையும் எழுதிக் கழியுங்கள்.

y = x² − x − 6
0 = x² − 3x − 4
கழித்தால்: y = 2x − 2

கழிக்கும்போது கீழ் வரியின் எல்லாக் குறிகளும் மாற வேண்டும்: −x + 3x = 2x, −6 + 4 = −2. கிடைத்த நேர்க்கோட்டை அதே தாளில் அளவுகோலால் வரையுங்கள். (0, −2), (1, 0), (2, 2) என்று மூன்று புள்ளிகள் எடுங்கள். கோட்டுக்கு இரண்டே போதும், மூன்றாவது சோதனைக்கு. வளைவின் அட்டவணை −3 முதல் 4 வரை 6, 0, −4, −6, −6, −4, 0, 6, முனை (0.5, −6.25). கோடும் வளைவும் (−1, −4), (4, 6) என்ற இடங்களில் வெட்டும். தீர்வு −1, 4. வளைவு X அச்சை வெட்டும் −2, 3 இங்கே விடையல்ல, கோடு அச்சை வெட்டும் 1-உம் விடையல்ல. பழக்கத்தில் கண் அச்சுக்கே ஓடுவதால் இந்தப் பிழை நேர்கிறது. (x − 4)(x + 1) என்று காரணிப்படுத்தி ஒருமுறை ஒப்பிட்டால் போதும், உடனே பிடிபடும்.

கழித்தபின் x² போகாமல் மிஞ்சினால் கெழுக்கள் பொருந்தவில்லை என்று பொருள். 2x² − 6x − 8 = 0 என்று கொடுத்திருந்தால் முதலில் 2-ஆல் வகுத்துவிட்டுக் கழியுங்கள். x² − x − 12 = 0 என்றால் கழித்ததும் y = 6 மட்டும் வரும். அது X அச்சுக்கு இணையான கோடு; வளைவை x = −3, 4-இல் வெட்டும். x² + 1 = 0 என்றால் கிடைப்பது y = −x − 7. இந்தக் கோடு வளைவை எங்குமே தொடாமல் அதன் கீழாகவே போகும், ஆகவே மெய் மூலங்கள் இல்லை என்று எழுதலாம்.